முகப்பூச்சும் சிறுநீரகமும்

திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கேரள மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, 2023-ஆம் ஆண்டில் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்னும் பெயரில் மாநிலம் தழுவிய சோதனை ஒன்றைத் தொடங்கியது. பெயரை மட்டும் கேட்போர் அழகுக் கலை விழா என்று எண்ணக்கூடும். அதிகாரிகள் தேடியதோ பாதரசம். உரிமம் இன்றித் தயாரிக்கப்பட்டவை, தயாரித்தவரின் முகவரியே அச்சிடப்படாதவை, பதிவு பெறாமல் வெளிநாட்டிலிருந்து வந்தவை எனப் பலவகை முகப்பூச்சுகளும் உதட்டுச் சாயங்களும் கடைகளிலிருந்து கைப்பற்றப்பட்டன. முதல் இரு கட்டங்களில் ஏழு இலட்சம் ரூபாய்க்கும் மேற்பட்ட பொருள்கள் பறிமுதல் ஆயின. 33 நிறுவனங்கள் மீது சட்ட நடவடிக்கை எடுக்கப்பட்டது. மூன்றாம் கட்டம் 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடைபெற்றது. சில மாதிரிகளில், அனுமதிக்கப்பட்ட அளவைப் போல் 12,000 மடங்கு பாதரசம் காணப்பட்டதாக மாநில அரசு அறிவித்தது.

இந்த எண்ணைச் சற்று நிதானமாக நோக்க வேண்டும். முகப்பூச்சில் தற்செயலாகக் கலந்துவிடும் பாதரசத்திற்கு நமது விதிகள் அளிக்கும் உச்ச வரம்பு, பத்து இலட்சத்தில் ஒரு பங்கு ஆகும். அதாவது ஒரு கிராம் பூச்சில் ஒரு மைக்ரோகிராம். அதனை 12,000-ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு 12 மில்லிகிராம் வருகிறது. இத்தகைய பூச்சு 30 கிராம் கொண்ட ஒரு சிறு டப்பாவில் 360 மில்லிகிராம் பாதரசம் இருக்கும். முன்னர் வீடுகளில் காய்ச்சல் பார்க்கப் பயன்பட்ட கண்ணாடி வெப்பமானியில் இருந்த பாதரசம் ஏறத்தாழ ஒரு கிராமோ அதற்குக் குறைவாகவோதான். அது உடைந்தால் குழந்தைகளை அருகில் விடமாட்டார்கள். அதே பொருளைக் காலையும் மாலையும் கன்னத்தில் தேய்த்துக்கொள்வதற்குப் பணம் கொடுக்கிறார்கள்.

முகத்தில் பூசிய பொருளுக்கும் சிறுநீரகத்திற்கும் என்ன தொடர்பு என்பதே இக்கட்டுரையின் பொருள். பாதரசம் ஒரு நஞ்சு என்பதும், அது சிறுநீரகத்தில் சென்று சேர்கிறது என்பதும் நெடுங்காலமாக அறியப்பட்டவை. ஆனால் இங்கு நேர்வது வெறும் நஞ்சேற்றம் அன்று. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றல், பாதரசத்தின் தூண்டுதலால் தன் சொந்தச் சிறுநீரகத்தையே பகையாகக் கருதித் தாக்கத் தொடங்குகிறது. இவ்வகை நோய்களைத் தன்னெதிர்ப்பு நோய்கள் என்பர். இவற்றுள் சிறுநீரகத்தைத் தாக்கும் ஒன்றின் மூலத்தை, கேரளத்தின் ஒரு நகர மருத்துவமனை கடைக்காரரின் அலமாரி வரை தொடர்ந்து சென்று கண்டறிந்தது.

வடிகட்டியும் அதன் பழுதும்

இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குச் செல்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து இலட்சம் நுண்ணிய குழாய் முடிச்சுகள் உள்ளன. குளோமெருலஸ் எனப்படும் இம்முடிச்சுகள் நாளொன்றுக்கு 180 லிட்டர் நீரை வடிக்கின்றன. அதில் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேற, எஞ்சியது உடலுக்கே திரும்புகிறது. வடிகட்டியின் சுவர் மூன்று அடுக்குகள் கொண்டது. உட்புறம் குருதிக்குழாயின் மெல்லிய உறை; நடுவில் ஒரு சவ்வு; வெளிப்புறம் விரல்களைக் கோத்தாற்போல் சவ்வைப் பற்றி நிற்கும் பாதச் செல்கள். உப்பும் நீரும் யூரியாவும் இச்சுவரைக் கடக்கும், புரதம் கடக்கலாகாது.

சவ்வின் வெளிப்புறத்தில் எதிர்ப்பொருள்கள் படிந்து, அதனால் சவ்வு தடித்துப் பழுதாகும் நோய்க்கு மெம்பரனஸ் நெப்ரோபதி என்று பெயர். தமிழில் சவ்வுச் சிறுநீரக நோய் எனலாம். பழுதான வடிகட்டி வழியே நாளொன்றுக்கு மூன்றரை கிராமுக்கும் மேல் புரதம் வெளியேறுகிறது. சிறுநீர் சோப்பு நுரைபோல் நுரைக்கும். காலையில் கண்ணிமைகளும் மாலையில் கணுக்கால்களும் வீங்கும். குருதி உறைவதைத் தடுக்கும் சில புரதங்களும் சேர்ந்து வெளியேறுவதால் நரம்புகளில், அதாவது சிரைகளில், குருதி உறையும் இடர் உண்டாகிறது. நோயுற்றோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நோய் தானாகவே தணிகிறது. தணியாதவர்களில் ஒரு சாராருக்குச் சில ஆண்டுகளில் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்து விடுகிறது.

எதிர்ப்பொருள் எதனைக் குறிவைத்து அங்கே வருகிறது என்ற வினா அரை நூற்றாண்டுக்கு மேல் ஆய்வாளர்களை அலைக்கழித்தது. 1959-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் வால்டர் ஹேமன் என்பவர் எலிகளில் இதனையொத்த நோயை உண்டாக்கிக் காட்டினார். எலிகளில் குறியாக அமைந்த புரதத்தை 1982-இல் கெர்ஜாஷ்கியும் பார்குவாரும் கண்டறிந்தனர். ஆனால் அப்புரதம் மனிதனின் பாதச் செல்லில் இல்லை என்று தெரிந்ததும் ஆய்வு மீண்டும் தொடங்கிய இடத்திற்கே வந்தது. 2002-இல் பாரிஸ் நகரத்து ஆய்வாளர்கள், பிறக்கும்போதே இந்நோயுடன் பிறந்த குழந்தை ஒன்றை ஆராய்ந்தனர். தாயின் உடலில் இல்லாத ஒரு புரதம் குழந்தையின் சிறுநீரகத்தில் இருந்தது. அதற்கு எதிராகத் தாயின் குருதியில் உண்டான எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே சென்று குழந்தையைத் தாக்கியிருந்தது. மனிதரிலும் பாதச் செல்லின் புரதமே குறியாகலாம் என்பதற்கு அதுவே முதற் சான்று. பெருவாரியான நோயாளிகளுக்கு உரிய குறி 2009-இல் பாஸ்டன் நகரில் வெளிப்பட்டது. பி.எல்.ஏ.2.ஆர். எனச் சுருக்கமாக அழைக்கப்படும் அப்புரதத்திற்கு எதிரான எதிர்ப்பொருள், வேறு காரணம் புலப்படாத நோயாளிகளில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பேரிடம் காணப்படுகிறது. இன்று ஒரு குருதிச் சோதனையிலேயே அதனைக் கண்டுவிடலாம்.

எஞ்சிய முப்பது பேருக்கு? அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் சஞ்சீவ் சேத்தி தலைமையிலான குழுவினர், திசுவிலுள்ள புரதங்களை நிறைப்பகுப்புக் கருவியால் ஒவ்வொன்றாகப் பிரித்தறியும் முறையைக் கையாண்டு, புதிய குறிகள் பலவற்றை வரிசையாக வெளியிட்டனர். அவற்றுள் ஒன்று நெல்-1. (நமது வயலில் விளையும் நெல்லுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை; ஆங்கில எழுத்துகளின் சுருக்கம் தமிழில் இவ்வாறு ஒலிக்கிறது.) மேலை நாடுகளில் நெல்-1 வகை நோயாளிகளை ஆராய்ந்தபோது அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு உடலில் எங்கேனும் புற்றுநோய் இருப்பது தெரிய வந்தது. ஆகவே திசுவில் நெல்-1 தென்பட்டால் புற்றுநோயைத் தேடுக என்பது அங்குள்ள மருத்துவர்களுக்கு விதியாயிற்று.

கோட்டக்கல் தந்த விடை

இவ்விதி இந்தியாவில் அப்படியே பொருந்தவில்லை. திருவனந்தபுரத்திற்கு வடக்கே, மலப்புரம் மாவட்டத்தில் உள்ள கோட்டக்கல் நகரம் ஆயுர்வேத வைத்தியசாலையால் பெயர் பெற்றது. அங்குள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள் சஜீஷ் சிவதாஸ், ரஞ்சித் நாராயணன் ஆகியோர், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தங்களிடம் வந்த சவ்வுச் சிறுநீரக நோயாளிகள் 22 பேரின் விவரங்களைத் தொகுத்தனர். அவர்களில் 15 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 68 பேருக்கு, நெல்-1 வகை நோய் இருந்தது. புற்றுநோய் என்று சொல்ல இடமில்லை. மருத்துவர்கள் உணவு, மருந்து, தொழில் என ஒவ்வொன்றாக விசாரித்து வந்தபோது, அப்பதினைந்து பேரில் 13 பேர் நோய் தோன்றுவதற்கு முன்னர் நிறம் வெளுக்கச் செய்யும் முகப்பூச்சைப் பயன்படுத்தியவர்கள் என்பது வெளிப்பட்டது. எஞ்சிய இருவரில் ஒருவர் நாட்டு மருந்து உட்கொண்டவர். மற்றவருக்குக் காரணம் எதுவும் அகப்படவில்லை. ஒரு நோயாளிக்கு மூளையின் சிரையில் குருதி உறைந்தது. எனினும் அனைவருக்கும் சிறுநீரகத்தின் செயல்திறன் காக்கப்பட்டது. பூச்சை நிறுத்திய பின் பெரும்பாலோர் தேறினர். இம்முடிவுகள் சிறுநீரக மருத்துவத்தின் முன்னணி ஆய்விதழான 'கிட்னி இன்டர்நேஷனல்' இதழில் வெளியாயின.

இருபத்திரண்டு பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. புள்ளியியல் பயின்றோர் உடனே இதனைச் சுட்டிக்காட்டுவர், சுட்டிக்காட்டவும் வேண்டும். ஒரே மருத்துவமனை, ஒரே வட்டாரம், ஒருவேளை ஒரே கடைத்தெரு. ஆனால் கோட்டக்கல் தனித்து நிற்கவில்லை. 2022-ஆம் ஆண்டிலேயே சென்னையைச் சேர்ந்த சிறுநீரகத் திசு ஆய்வாளர் அனிலா ஆபிரகாம் குரியன் முதலியோர், பாதரசம் கலந்த நாட்டு மருந்துகளை உட்கொண்டவர்களிடம் இதே நெல்-1 வகை நோய் காணப்படுவதை அதே இதழில் தெரிவித்திருந்தனர். இன்னும் பின்னோக்கிச் சென்றால், 1972-இல் கென்யத் தலைநகர் நைரோபியில், உடல் வீங்கிப் புரதம் இழந்து வந்த நோயாளிகளை ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாதரச உப்புக் கலந்த வெளுப்புப் பூச்சைத் தடவியவர்கள் என்று பதிவு செய்துள்ளனர். தோலின் நிறத்தைப் பற்றிய கவலை எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் இந்த வாணிகமும் உண்டு.

பாதரச உப்பு தோலை வெளுக்கச் செய்வது எவ்வாறு எனில், நிறமியான மெலனின் உருவாவதற்கு இன்றியமையாத டைரோசினேஸ் என்னும் நொதியை அது முடக்குகிறது. சில வாரங்களில் கண்ணாடியில் மாற்றம் தெரியும். வாங்கியவர் மகிழ்ந்து அடுத்த டப்பாவையும் வாங்குகிறார். பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்கிறார். வேலை செய்யாத போலிப் பொருளைச் சந்தை தானே புறந்தள்ளிவிடும். இதுவோ வேலை செய்யும் பொருள். ஆகவே சந்தையின் தீர்ப்பை நம்பி அரசு ஒதுங்கி இருக்க இயலாது. இதற்கிடையே, மயிர்க்கால்கள் வழியாகவும் வியர்வைச் சுரப்பிகள் வழியாகவும் உட்புகுந்த பாதரசம் சிறுநீரகத்தில் தங்குகிறது. உடலில் சேர்ந்த அளவில் பாதி வெளியேற ஒன்று முதல் இரண்டு மாதங்கள் ஆகும். நாள்தோறும் பூசுவோருக்கு வரவு செலவை மிஞ்சிக்கொண்டே இருக்கும்.

அடக்கும் அணுக்கள்

ஒரே பூச்சைப் பயன்படுத்திய எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஏன்? நோய் எதிர்ப்பு ஆற்றல் எவ்வாறு கட்டுக்குள் வைக்கப்படுகிறது என்பதை அறிந்தால்தான் இவ்வினாவை அணுக முடியும்.

குருதியிலுள்ள டி வெள்ளணுக்கள் மார்பெலும்பின் பின்னே உள்ள தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெறுகின்றன. சொந்த உடலைத் தாக்கக்கூடியவை அங்கேயே அழிக்கப்படுகின்றன. நெடுங்காலம் இவ்வளவே போதும் என்று கருதப்பட்டது. ஆனால் இத்தேர்வில் தப்பி வெளியேறும் அணுக்கள் எல்லோர் உடலிலும் உள்ளன. அவற்றை அடக்கி வைக்கத் தனியொரு வகை டி அணுக்கள் இருப்பதை 1995-இல் ஜப்பானிய அறிஞர் ஷிமோன் சகாகுச்சி நிலைநாட்டினார். 2001-இல் அமெரிக்காவில் மேரி பிரன்கோவும் பிரெட் ராம்ஸ்டெலும், பிறந்த சில வாரங்களில் தன்னெதிர்ப்பு நோயால் மடியும் ஒருவகைச் சுண்டெலிகளில் பழுதுபட்டிருந்த மரபணுவைக் கண்டு அதற்கு பாக்ஸ்பி-3 எனப் பெயரிட்டனர். அம்மரபணுவே அடக்கும் அணுக்களை உருவாக்குகிறது என்பதை 2003-இல் சகாகுச்சி இணைத்துக் காட்டினார். மூவருக்கும் 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

பாதரசம் இக்கட்டுப்பாட்டைக் குலைக்கிறது என்பதற்கு எலிகளில் நெடுநாளைய சான்று உண்டு. பாரிஸ் நகரில் பிலிப் ட்ரூயே குழுவினர் 1977-இல் 'பிரவுன் நார்வே' என்னும் இன எலிகளுக்குச் சிறு அளவில் பாதரசக் குளோரைடைச் செலுத்தினர். எலிகளின் குருதியில் சொந்தச் சிறுநீரகச் சவ்வுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் பெருகின, புரதம் வெளியேறியது. இதைவிட வியப்பானவை இரண்டு. முதலாவது, பாதரசத்தைத் தொடர்ந்து செலுத்தியபோதும் சில வாரங்களில் நோய் தானே அடங்கியது. இரண்டாவது, 'லூயிஸ்' என்னும் வேறோர் இன எலிக்கு அதே அளவைச் செலுத்தியபோது நோயே தோன்றவில்லை. மாறாக அதன் எதிர்ப்பு ஆற்றல் தணிந்தது. நஞ்சு ஒன்றே, அடக்கும் ஏற்பாடு வேறு. மனிதரிலும் மரபுக்கூறுகளின் வேறுபாடே ஒருவருக்கு வீக்கத்தையும் மற்றவருக்கு வெறும் வெளுப்பையும் தருகிறது என்று கருத இடமுண்டு. பாதரசம் குறிப்பாக நெல்-1 புரதத்தை ஏன் இலக்காக்குகிறது என்பது ஆய்வாளர்கள் இன்னும் விடை தேடும் வினாவாகும்.

இது ஆய்வுக்கூடத்தோடு நிற்கும் செய்தி அன்று. சவ்வுச் சிறுநீரக நோய்க்குரிய வழக்கமான மருத்துவம், நோய் எதிர்ப்பு ஆற்றலை மொத்தமாக அடக்குவதாகும். அதன் பயனை உறுதி செய்ததில் இந்தியாவுக்குப் பங்கு உண்டு. சண்டிகர் முதுநிலை மருத்துவ ஆய்வு நிலையத்தில் விவேகானந்த் ஜா முதலியோர் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில் 93 நோயாளிகள் நெடுங்காலம் பின்தொடரப்பட்டனர். ஸ்டீராய்டும் சைக்ளோபாஸ்பமைடும் பெற்றவர்களில் நூற்றுக்கு 89 பேர் பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் டயாலிசிஸ் இன்றி வாழ்ந்தனர். பெறாதவர்களில் 65 பேர். மருந்துகள் இரண்டும் விலை மலிவானவை. எனினும் அவை தரும் துன்பம் மலிவானதன்று. தொற்று நோய்கள், நீரிழிவு, எலும்புத் தேய்வு, இளம் பெண்களுக்குக் கருவுறும் திறன் குன்றுதல் ஆகியன அவற்றின் அறியப்பட்ட பக்க விளைவுகள். பி.எல்.ஏ.2.ஆர். வகை நோயாளிக்கு இந்த இடர் ஏற்கத்தக்கது. ஒரு டப்பாவைக் குப்பையில் எறிந்தால் தணியக்கூடிய நோய்க்கு, இருபது வயதுப் பெண்ணுக்கு இம்மருந்துகளை ஆறு மாதம் கொடுப்பது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. வேறுபாட்டை அறிவதற்குத் தேவையானவை இரண்டே: திசு ஆய்வில் நெல்-1 சாயம் இட்டுப் பார்த்தல், நோயாளியிடம் முகத்தில் என்ன பூசுகிறீர்கள் என்று கேட்டல். இரண்டாவதற்குச் செலவு இல்லை. ஆனாலும் நெருக்கடி மிகுந்த புறநோயாளிப் பிரிவில் இக்கேள்வி எளிதில் விடுபட்டுப் போகிறது. மேலும், பூச்சைப் பயன்படுத்துவதை வீட்டாரிடமே மறைப்பவர்கள் மருத்துவரிடம் முதற்கேள்வியில் சொல்லிவிடுவார்கள் என எதிர்பார்க்கவும் முடியாது.

சட்டமும் அதன் கையெட்டும் தூரமும்

அழகுப் பொருள்கள் 1962-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. 2020 டிசம்பரில் மைய அரசு அழகுப் பொருள்களுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. பாதரசச் சேர்மங்களைச் சேர்த்துத் தயாரிப்பதை அவை தடை செய்கின்றன. தற்செயலான கலப்புக்கு முன்னர்க் கூறிய வரம்பு உண்டு. கண்ணைச் சுற்றிப் பூசும் பொருள்களுக்கு மட்டும் பத்து இலட்சத்தில் 70 பங்கு வரை இடம் அளிக்கப்பட்டுள்ளது. பன்னாட்டு அளவில், 2013-இல் ஏற்கப்பட்ட மினமாட்டா ஒப்பந்தத்தை இந்தியா 2018-இல் உறுதி செய்தது. ஒப்பந்த நாடுகள் 2023-இல் ஜெனீவாவில் கூடியபோது, வரம்பு என்ற பேச்சே இன்றிப் பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்கள் அனைத்தையும் 2025-க்குள் ஒழிப்பதென முடிவு செய்தன.

சட்டத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. குறை அதன் கையெட்டும் தூரத்தில் உள்ளது. உள்நாட்டுத் தயாரிப்புக்கு உரிமம் வழங்குவது மாநில அரசு. இறக்குமதிப் பதிவு வழங்குவது புது தில்லியிலுள்ள மைய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு. கடையில் நுழைந்து மாதிரி எடுப்பது மாநில ஆய்வாளர். களியக்காவிளைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் சட்டம் அதுவே, அதிகாரி வேறு. ஆய்வாளர் கடையில் எடுக்கும் மாதிரியைப் பகுதிகளாகப் பிரித்து முத்திரையிட்டு, ஒன்றை உரியவரிடம் அளித்து, ஒன்றை அரசுப் பகுப்பாய்வாளருக்கு அனுப்ப வேண்டும். திருவனந்தபுரத்திலுள்ள அரசு மருந்துப் பரிசோதனைக் கூடம் போன்றவை இம்மாதிரிகளை ஆராய்கின்றன. அதே கூடங்களே மாத்திரைகளையும் ஊசி மருந்துகளையும் ஆராய வேண்டியிருப்பதால் முகப்பூச்சுக்கு வரிசையில் எந்த இடம் கிடைக்கும் என்பதை நிர்வாக அனுபவம் உள்ளோர் எளிதில் ஊகிப்பர். அறிக்கை வருவதற்குள் சரக்கு விற்றுத் தீர்ந்திருக்கும். அதே பூச்சு வேறு பெயருடன் வேறு டப்பாவில் வந்திருக்கும். ஆகவேதான் கேரளத்தில் முதற்கட்டமாக உரிம எண்ணையும் முகவரியையுமே நோக்கினர். சிட்டையைப் படிப்பதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை.

மறுபுறத்துக் கணக்கையும் காண வேண்டும். சிறுநீரகம் செயலிழந்த ஒருவருக்கு வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், குருதியைக் கருவியால் தூய்மை செய்தாக வேண்டும். ஆண்டுக்கு 104 முதல் 156 முறை. கூலி வேலை செய்பவருக்கு இத்தனை வேலைநாள்களும் போகின்றன. உடன் வருபவருக்கும் அவ்வாறே. 2016-இல் அறிவிக்கப்பட்ட பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டம் மாவட்ட மருத்துவமனைகள் வரை இவ்வசதியைக் கொண்டுசென்றது. கேரளம் தனக்கே உரிய வழியொன்றையும் கண்டது. 1967-இல் இந்தியாவிலேயே முதலாவதாக அரசு பரிசுச்சீட்டைத் தொடங்கிய மாநிலம் அது. 2011-இல் 'காருண்யா' என்ற சீட்டைத் தொடங்கி, அதன் வருவாயைக் கொண்டு சிறுநீரகம் முதலான பெருநோய்களுக்கு உதவி வழங்கியது. பரிசுச்சீட்டின் நன்மை தீமை பற்றிப் பொருளியலார் வாதிடட்டும். சீட்டு வாங்கும் ஏழையே மற்றோர் ஏழையின் டயாலிசிஸுக்குப் பணம் கொடுக்கிறான் என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. 2012-இல் தொடங்கப்பட்ட 'மிருதசஞ்சீவனி' திட்டத்தின் வழியே, மூளைச் சாவு அடைந்தோரின் உறுப்புகள் திருவனந்தபுரத்திலிருந்து ஒருங்கிணைத்துப் பகிரப்படுகின்றன. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவரும் தம் எதிர்ப்பு ஆற்றலை வாழ்நாள் முழுதும் மருந்தால் அடக்கியே வாழ வேண்டும். எந்த வழியில் சென்றாலும் செலவு பொதுப் பணத்தையும் குடும்பப் பணத்தையும் வந்து தொடுகிறது. டப்பாவை விற்றவரின் கணக்கில் அதில் ஒரு காசும் ஏறுவதில்லை.

நாட்டு மருந்துகளைப் பற்றி ஒரு சொல். சித்த, ஆயுர்வேத முறைகளில் பாதரசமும் சாதிலிங்கமும் நெடுங்காலமாகச் சுத்தி செய்து கையாளப்பட்டு வருகின்றன. உரிமம் பெற்ற நிறுவனத்தின் மருந்தும், பெயரற்ற பொட்டலத்தில் விற்கப்படும் பொடியும் ஒன்றல்ல. ஆயினும் நெல்-1 வகை நோயாளி எந்த முறை மருந்தை உட்கொண்டிருந்தாலும், அம்மருந்தின் மாதிரி ஆய்வுக்கூடத்திற்குச் செல்ல வேண்டும். மருத்துவ முறையின் மதிப்பைக் காக்க விரும்புவோருக்கு இதில் மறுப்பு இருக்கக் காரணமில்லை.

திருவனந்தபுரத்திற்கு இத்துறையில் கிட்டியுள்ள வாய்ப்பு பிற நகரங்களுக்கு எளிதில் கிட்டாதது. 1951-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி, அதனையடுத்து 1980-ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் தேசியச் சிறப்பு நிலை பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிலையம், 2007 முதல் மைய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறையின் கீழ் இயங்கும் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையம், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆகியன ஒரே நகரின் எல்லைக்குள் உள்ளன. நோயாளி ஓரிடத்தில், திசுவை ஆராயும் திறன் ஓரிடத்தில், கடையைப் பூட்டும் அதிகாரம் ஓரிடத்தில். சித்திரைத் திருநாள் நிலையம் பூஜப்புரையிலுள்ள சடல்மண்ட் அரண்மனையில் தன் தொழில்நுட்பப் பிரிவை அமைத்து, செயற்கை இதய வால்வையும் குருதிப் பைகளையும் உள்நாட்டிலேயே உருவாக்கிக் காட்டியது. முகப்பூச்சில் பாதரசம் உண்டா இல்லையா என்பதை ஆய்வாளர் கடையிலேயே நின்று அறியத்தக்க மலிவான சோதனைப் பட்டை ஒன்றை உருவாக்குவது அதைவிடக் கடினமான பணியாக இராது. எக்ஸ் கதிர் ஒளிர்வு முறையில் இயங்கும் கைக்கருவிகள் இன்றே உள்ளன. ஆயினும் அவற்றின் விலை ஒவ்வொரு மாவட்ட அலுவலகத்திற்கும் ஒன்று வாங்க இடம் தராது.

இதைவிட எளிதான ஏற்பாடும் உண்டு. திசு ஆய்வில் நெல்-1 என்று எழுதப்படும் ஒவ்வொரு அறிக்கையின் நகலும் நோயாளியின் பெயர் நீக்கப்பட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்திற்குச் செல்லுமாறு செய்யலாம். காலராவுக்கும் தட்டம்மைக்கும் இத்தகைய அறிவிப்பு முறை உண்டு. மருத்துவர் நோயாளியிடம் டப்பாவை எடுத்துவரச் சொன்னால், அதன் சிட்டையிலிருந்து கடையும், கடையிலிருந்து மொத்த வணிகரும், அவரிடமிருந்து சரக்கு வந்த வழியும் தெரிய வரும். 33 நிறுவனங்களைக் கண்டறிய மாநிலம் முழுதும் கடை கடையாக ஏற வேண்டியிருந்தது. கோட்டக்கல் மருத்துவர்களின் பதிவேட்டிலோ 13 பேர் தம் கையிலிருந்த பூச்சின் பெயரைச் சொல்லக் காத்திருந்தனர்.